எது சுத்தபோசனம்?

தபசுக் கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி ஆகாது, மீனுக்குத் தடையில்லை. கத்தோலிக்கர் இதனைச் ‘சுத்தபோசனம்’ என்பர். மன்னார்க் கரையிலே நின்று நாம் கேட்கிறோம்: இது யாருடைய தியாகம்?

ஆட்டிறைச்சியை விடுத்து அறுக்குளாவை உண்ணும் செல்வனுக்குக் கறி மாறுகிறதேயன்றி நோன்பு நேர்வதில்லை. அந்த அறுக்குளாவைப் பிடித்தவனோ, அதனைச் சம்மாட்டியின் கடனுக்கு ஈடாக்கிவிட்டுச் சூடைமீனோடு சோறுண்கிறான். இறைச்சியை அவன் விலக்க வேண்டியதில்லை. வறுமையே விலக்கி வைத்திருக்கிறது.

‘விசுவாசத்தை இகழ்கிறீர்களா?’ என்பார் உளர். இல்லை. 1544-இல் சங்கிலி மன்னனின் வாளுக்கு அஞ்சாது அவ்விசுவாசத்துக்காகவே மாண்ட மன்னார் மக்களை நாம் மறந்தோமல்லோம். அவர்கள் உயிரீந்தது வாரமொருமுறை கறி மாற்றுவதற்காகவா?

இந்நோன்புக்கு மாற்றாக அறச்செயல்களை விதிக்க, 1966-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பரே ஆயர் பேரவைகளுக்கு இடமளித்தார். நுகத்தை முறிப்பதே நோன்பு என்ற இசையாசின் தீர்க்கதரிசனமோ அதனினும் மிகப் பழைமையானது.

ஆகவே அன்பர்களே, வயிற்றைச் சுத்தமாக்கியது போதும், வாணிபத்தைச் சுத்தமாக்குங்கள்! 2017-இல் இலங்கைச் சட்டம் தடைசெய்த இழுவைமடிக்கு எதிராகக் குரல் கொடுங்கள்! பாடுபட்டவனுக்கு உரிய விலையைக் கொடுத்த பின்னர் உண்ணும் உணவே சுத்தபோசனம்.