பலா மரமும் பக்கவாத்தியமும்

விழுப்புரத்திலிருந்து கடலூருக்குச் செல்லும் ரயில் பாதையில் பண்ணுருட்டி, மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம் என்று மூன்று ஸ்டேஷன்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது ஊர் பலாப்பழத்துக்குப் பேர் போனது. மூன்றாவது ஊர் சர்க்கரைக்கும் மிட்டாய்க்கும் பேர் போனது. இரண்டுக்கும் நடுவே இருக்கிறது மேல்பட்டாம்பாக்கம். அந்த நடு ஊரில் நின்றுகொண்டு மேற்கேயும் கிழக்கேயும் நோக்குகிறவர்களுக்கு வியாபார சாஸ்திரத்தில் ஒரு பெரிய பாடம் செலவில்லாமல் கிடைக்கிறது. அதை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இவ்வாரம் நம் எண்ணம்.

நெல்லிக்குப்பத்துக்குப் போகிற கரும்பு கரும்பாகவே வெளியூர் போவதில்லை. பாரி கம்பெனியார் 1842-ல் அங்கே சர்க்கரை ஆலை ஏற்படுத்தினார்கள். 1914-ல் மிட்டாய்த் தொழிலும் ஆரம்பமாயிற்று. பிள்ளைப் பிராயத்தில் பாரி மிட்டாய்க்குக் காசு கேட்டு அடம் பிடிக்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்த மிட்டாய்த் தொழில் 2004-ல் லோட்டே என்னும் கொரியா தேசத்துக் கம்பெனியின் கைக்கு மாறிவிட்டது என்பது வேறு கதை. வயலில் விளைந்த பொருள் ஊர் எல்லையைத் தாண்டுமுன் வேறு பண்டமாக மாறிற்று. அப்படி மாறும்போது வேலையையும் கூலியையும் அவ்வூரிலேயே வைத்துவிட்டுப் போயிற்று. நாம் கவனிக்க வேண்டியது இதுதான்.

மேற்கே திரும்பினால் காட்சி வேறு. சித்திரை, வைகாசியில் பண்ணுருட்டிச் சந்தையில் பலாப்பழம் மலை மலையாகக் குவிகிறது. பெரும்பாலும் வந்த கோலத்திலேயே லாரியில் ஏறிப் போய்விடுகிறது. முதிர்ந்த பலா மரமும் அப்படியே கட்டையாகப் போய்விடுகிறது. பழத்தைச் சுளையாக்கி விற்கிறவன் வேறு ஊர்க்காரன். மரத்தை நாதமாக்குகிறவனும் வேறு ஊர்க்காரன்.

நாதம் என்று நாம் சொல்வது அலங்காரப் பேச்சன்று. தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் குடைந்து செய்யப்படுவது. மிருதங்கத்தின் கட்டையும் பலாவே. அதற்கான மரத்தைத் தேடித் தொழிலாளர்கள் வருகிற இடங்களில் பண்ணுருட்டிச் சீமை முக்கியமானது. ஒரே மரத்தில் குடைந்தெடுத்த வீணையை ஏகாண்ட வீணை என்பார்கள். மெழுகு வைத்து 24 மெட்டுக்களைப் பதித்து, வாசிப்பதற்கு 4 தந்திகளும் தாளத்துக்கு 3 தந்திகளும் பூட்டிவிட்டால், நேற்றுவரை தோப்பில் நின்ற மரம் இன்று தோடியும் கல்யாணியும் பேசத் தொடங்கிவிடுகிறது! தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு அளிக்கப்பட்டது.  பெயரும் பெருமையும் தஞ்சைக்கு, அது நியாயமே. செய்நேர்த்தி அவர்களுடையது. ஆனால் கச்சேரி மேடையில் அவ்வாத்தியம் முழங்கும்போது, இந்த மரம் எந்த ஊர் மண்ணில் வளர்ந்தது என்று சபையில் ஒருவராவது நினைப்பதுண்டா?

பண்ணுருட்டி என்ற பெயரையே ‘பண் உருட்டும் ஊர்’ என்று பிரித்துப் பொருள் சொல்லி மகிழ்வாருண்டு. ஆராய்ச்சிக்காரர்கள் அதை ஒப்பினாலும் சரி, ஒப்பாவிட்டாலும் சரி, பக்கத்திலேயே திருவதிகை இருக்கிறது. சூலை நோயால் வருந்திய அப்பர் சுவாமிகள் முதற்பதிகம் பாடிய தலம் அது. ஆகவே பண்ணுக்கும் அந்த மண்ணுக்கும் உள்ள உறவு பழையதுதான்.

இதையெல்லாம் ஒரு மேல்பட்டாம்பாக்கத்துக் குடும்பம் அறிந்துகொள்வதற்கு முன்காலத்தில் வழி ஏது? நல்ல வீணை கேட்க வேண்டுமானால் சென்னைக்குப் போக வேண்டும். சிதம்பரத்துக்காவது போக வேண்டும். வீணை தனம்மாள் 1938-ல் காலமானார். அவருடைய வாசிப்பில் இசைத்தட்டில் ஏறியது கொஞ்சம். அந்தத் தட்டுகளும் சில ரசிகர்களின் பெட்டிகளில் பூட்டிக் கிடந்தன. இன்றோ, கைபேசியில் யூடியூபைத் திறந்து அவர் பெயரைத் தமிழிலேயே எழுதித் தேடினால் போதும். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கமும் அப்படியே கேட்கக் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக் கேட்கட்டும். நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு வாரத்துக்கு அரை மணி நேரம் இதையும் கேட்கட்டும். நம் பக்கத்துத் தோப்பு மரம் இப்படியெல்லாம் பேசுமா என்று அவர்கள் வியக்கட்டும்.

படிக்கிற வழக்கமுள்ள வீடுகளுக்கு இன்னும் இரண்டு இடங்களைச் சொல்லி வைக்கிறோம். 1998-ஆம் வருஷம் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் கைங்கரியத்தில், தேவாரம் முதற்கொண்டு பல நூல்களைத் தொண்டர்கள் தட்டெழுதிக் கூலியில்லாமல் வழங்கியிருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தாரின் மின்னூலகத்தில் பழைய புஸ்தகங்களும் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. காசு கொடுத்து வாங்கச் சித்தமாயிருப்பவர்களுக்கு, மிருதங்கம் செய்கிற தொழிலாளர்களைப் பற்றிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா ஆங்கிலத்தில் எழுதி 2020-ல் வெளிவந்த ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலைச் சிபார்சு செய்கிறோம். வாத்தியத்தை வாசிப்பவரைக் கொண்டாடிவிட்டு, மரமும் தோலும் கொண்டு அதைச் செய்பவரை மறந்துவிடும் நமது வழக்கத்தை அந்நூல் எடுத்துக் காட்டுகிறது. மரம் வளர்த்தவரை மறப்பதும் அதே வழக்கத்தைச் சேர்ந்ததுதான்.

மறதிக்கு விலை உண்டு. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. அன்று காலையில் முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. நெல் வயல் அழிந்தால் அடுத்த போகத்தில் ஈடு செய்யலாம். பலா மரம் சாய்ந்தால், கன்று நட்டுக் காய்ப்புக் காணவே பல வருஷம் ஆகும். வீணைக்கு ஏற்ற மரமாக முதிர்வதற்கு ஒரு தலைமுறை ஆகும். அத்தனை காலம் காத்திருக்கும் குடியானவனுக்கு ஒவ்வொரு பருவத்திலும் நியாயமான வரும்படி இல்லாவிட்டால், அவன் ஏன் மறுபடியும் பலாவை நட வேண்டும்? பழத்தில் லாபம் இருந்தால்தான் மரம் நிற்கும். மரம் நின்றால்தான் வீணை பேசும். சங்கீதத்துக்கும் சந்தைக்கும் உள்ள சம்பந்தம் இதுவே.

பழத்தில் லாபம் குறைவதற்குக் காரணம் மர்மமானதன்று. பழங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முதிர்கின்றன. பழுத்தபின் சில நாட்களுக்குமேல் நிற்பதில்லை. வாங்குகிறவன் காத்திருக்கலாம், விற்கிறவன் காத்திருக்க முடியாது. காத்திருக்க முடியாதவன் சொன்ன விலைக்குத்தான் விற்பான். ஆகையால் பழத்தைக் காத்திருக்கச் செய்வதே பரிகாரம். பிஞ்சுக் காயைச் சமையலுக்கு நறுக்கி உலர்த்தலாம். முற்றிய காயை வறுவலாக்கலாம். சுளையை வற்றலாகவும் ஜாமாகவும் செய்யலாம். கொட்டையை உலர்த்தி மாவாக்கலாம். நம் பாட்டிமார்களுக்கு இவற்றில் பாதி தெரியும். கேரளத்தார் 2018-ல் பலாவைத் தங்கள் ராஜ்யத்தின் பழம் என்றே அறிவித்துவிட்டார்கள். பலாக்காய் மாவு அங்கே கடைச் சரக்காகிவிட்டது. முக்கனியில் ஒன்றென்று பாடிய நாம் பாடியதோடு நின்றுவிடலாமா?

வழி காட்டுவோர் வெகு தூரத்தில் இல்லை. மேல்பட்டாம்பாக்கத்துக்கு அருகிலேயே பாலூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாலூர் 1, பாலூர் 2 என்ற பலா ரகங்கள் அங்கிருந்துதான் வெளிவந்தன. கன்று நடுவதிலிருந்து பண்டமாக்குவது வரையிலான விவரங்களைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணைய தளத்தில் தமிழிலேயே படிக்கலாம். உணவுப் பண்டத் தொழிலில் பயிற்சி அளிக்கும் மத்திய சர்க்காரின் நிறுவனம் ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறது. நிஃப்டெம் என்று சுருக்கமாக அழைப்பார்கள். பலாக் கட்டை எந்த ஊருக்குப் போகிறதோ அதே ஊரிலிருந்து பலாச் சுளைக்கான வித்தை திரும்பி வரலாம் என்பது நல்ல பொருத்தமல்லவா? விற்பனைக்காகச் செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும் இடம் ஃபாஸ்காஸ் என்ற சர்க்கார் தளம். நாலைந்து வீட்டுப் பெண்மணிகள் சேர்ந்து ஒரு பருவத்துக்குச் சிறிய அளவில் செய்து பார்த்து, உறவினருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் விற்றுக் கணக்கு எழுதிப் பார்ப்பதே உத்தமம். முதல் வருஷத்திலேயே கடன் வாங்கி இயந்திரம் வாங்குவதை நாம் சிபார்சு செய்ய மாட்டோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வித்தை கிடைக்கும் அதே கைபேசியில் வஞ்சகமும் கிடைக்கிறது. “வீட்டிலிருந்தபடியே மாதம் இத்தனை ஆயிரம்” என்று ஆசை காட்டி, முன்பணம் கட்டச் சொல்கிறவர்கள் ஏராளம். வேலை கொடுக்கிறவன் கூலி கொடுப்பானே தவிர, வேலை செய்கிறவனிடம் பணம் கேட்க மாட்டான் என்ற ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி ஆபத்து நீங்கும். ஏமாந்துவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். தாமதிக்காமல் தெரிவித்தால் பணம் கைமாறுவதைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

நெல்லிக்குப்பத்து ஆலையைப் போன்றதொரு பெரும் ஆலை பலாவுக்கு வர வேண்டுமென்று நாம் காத்திருக்கத் தேவையில்லை. பலா, அடுப்படியிலும் முற்றத்திலுமே பண்டமாகக்கூடிய பொருள். வருகிற பருவத்தில் ஒவ்வொரு குடும்பமும் இரண்டு காரியங்கள் செய்யலாம். வாங்குகிற பழத்தின் கொட்டைகளைக் குப்பையில் எறியாமல் உலர்த்தி வைப்பது ஒன்று. அவற்றுள் நல்லதாக ஒன்றை உலர்த்தாமலே கொல்லையில் ஊன்றி, கன்றாக்கி வளர்ப்பது மற்றொன்று. அதன் பழத்தை நாம் உண்போம். வீணையைப் பற்றிப் பேரப் பிள்ளைகள் முடிவு செய்துகொள்ளட்டும்.