வளைகிற கோலை வாங்குங்கள்

தூண்டில் போடுகிறவர்கள் நம் வட்டத்தில் குறைந்துகொண்டே வருகிறார்கள். மிச்சமிருக்கும் நாலைந்து பேரையும் இப்போது கார்பன் மோகம் பிடித்து ஆட்டுகிறது. ஒரு மாத ஓய்வூதியத்தில் பாதியைக் கொடுத்து, கறுப்பாக, இறகுபோல எடையில்லாத கோல் ஒன்றை வாங்கி வருகிறார்கள். கூடத்தில் நின்று நாலு தரம் வீசிக் காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் கூடத்தில் மீன் பிடிப்பதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் உப்பங்கழியில் சின்ன வள்ளத்தில் உட்கார்ந்து தூண்டில் போடுவதற்குக் கண்ணாடி இழைக் கோல்தான் சரி. அதிலும் எழுபதைத் தாண்டிய கைக்கு அதைவிட்டால் வேறு இல்லை.

கண்ணாடி இழை என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கவேண்டாம். 2004 டிசம்பர் 26க்கு முன்னால் நம் கரையில் எங்கு பார்த்தாலும் கட்டுமரம். சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை வரை ஃபைபர் படகாகிவிட்டது. அந்தப் படகும் நான் சொல்லும் கோலும் ஒரே சாதி. கண்ணாடியை உருக்கி மயிரிழையாக இழுத்து, துணியாக்கி, அதில் பிசினை ஊற்றி இறுக வைப்பதுதான் இரண்டுக்கும் வேலை. படகுக்கு அச்சின்மேல் பரப்புகிறார்கள். கோலுக்கோ, அடி பருத்து நுனி சிறுத்த ஓர் எஃகுக் கம்பியின்மேல் அந்தத் துணியைச் சுற்றி, மேலே பட்டையான டேப்பை இறுக்கிக் கட்டி, அடுப்பில் வேகவைத்து, கடைசியில் கம்பியை உருவிவிடுகிறார்கள். உள்ளே பொள்ளலான ஒரு குழல் மிஞ்சுகிறது. வளையம் இல்லை, பிடி இல்லை, ஒன்றுமில்லை. அதைத்தான் 'பிளாங்க்' என்கிறார்கள். நான் வெறுங்கோல் என்பேன்.

அதற்கு முன்னால் எல்லாம் மூங்கில்தான், நமக்கு மட்டுமல்ல, வெள்ளைக்காரனுக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த என்போன்றவர்களுக்கு இது மொழியிலேயே தெரியும். தூண்டில் கோலுக்கு அவர்கள் சொல்லும் 'கான் அ பெஷ்' என்பதில் 'கான்' என்றால் நாணல், பிரம்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் மூங்கிலைப் பிளந்து, சீவி, ஆறு பட்டையாக ஒட்டிக் கோல் செய்தபோது, முதலில் அவர்களுக்குக் கப்பலில் போனது நம் நாட்டு மூங்கில். கல்கத்தாவிலிருந்து ஏறியதால் அதற்குக் கல்கத்தா மூங்கில் என்றே பெயர். பிறகு சீனாவின் குவாங்டாங் பகுதி மூங்கில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஷேக்ஸ்பியர் என்ற அமெரிக்க நிறுவனம் (நாடகக்காரருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) ஆர்தர் ஹோவால்ட் என்பவரின் முறைப்படி கண்ணாடி இழைக் கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1950இல் கொரியப் போரின்போது சீனச் சரக்குக்கு அமெரிக்கா தடை போட்டது. மூங்கில் வரத்து நின்றது, கண்ணாடிக்கு அடித்தது யோகம். இருபது இருபத்தைந்து வருஷம் அதன் ராஜ்ஜியம்தான். 1970களில் கார்பன் வந்து அதை ஓரங்கட்டியது.

ஓரங்கட்டியதற்குக் காரணம் இருக்கிறது. அதை மறைக்கவில்லை. கார்பன் இழை கண்ணாடி இழையைவிடச் சுமார் மூன்று மடங்கு விறைப்பு, எடையும் குறைவு. அதனால் கோலை மெல்லியதாகச் செய்யலாம், தூரமாக வீசலாம். ஆனால் முறிவதற்கு முன்னால் கண்ணாடி இழை நீண்டுகொடுக்கும் அளவு கார்பனைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கரையில் நின்று நூறு அடி வீசுகிறவனுக்கு முதல் கணக்கு முக்கியம். வள்ளத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டாவது கணக்குதான் முக்கியம்.

ஏன் என்றால், வள்ளத்தில் நாம் தண்ணீர் மட்டத்துக்கு ஒன்றரை அடி உயரத்தில் குந்தியிருக்கிறோம். எழுந்து நிற்க முடியாது, பின்வாங்க முடியாது. கொடுவா மாட்டியதும் முதலில் செய்வது வள்ளத்துக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போவதுதான். அந்த நேரத்தில் கோல் செங்குத்தாக நிற்கும், நரம்போ நேர் கீழே இழுக்கும். பாரம் முழுவதும் நுனியில் இரண்டு அடிக்குள் விழும். கார்பன் அங்கேதான் படீரென்று போகும், முன்னறிவிப்பே கிடையாது. கண்ணாடிக் கோல் அடிப்பிடி வரைக்கும் வளைந்து பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதுவும் முறியும், முறியாது என்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளைக் கீறல் காட்டி, முனகிவிட்டுத்தான் முறியும்.

இன்னொன்று, அடி. வள்ளத்தின் தரையில் கோல் கிடக்கிறது. துடுப்பு அதன்மேல் விழும், ஈயக்குண்டு மோதும், தெரியாமல் நாமே மிதிப்போம். கார்பன் குழலின் சுவர் மெல்லியது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த மாதம் ஒரு சின்ன மீனுக்கு முறியும். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வெள்ளாற்று முகத்துவாரத்தில் இப்படித்தான் ஆயிற்று. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கடையில் கேட்டால், "படகுல வச்சு உடைச்சதுக்கெல்லாம் கேரண்டி இல்லை சார்" என்று முடித்துவிட்டார்கள். வள்ளம் தள்ளிய பையன் முறிந்த துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "மூங்கிலா இருந்தா வளைஞ்சிருக்கும் சார்" என்றான். ஆசிரியருக்கு அன்றைக்குக் கோபம். இன்றைக்கு வருத்தம், ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. வயசான காலத்தில் விட்ட பழக்கம் திரும்ப வருவதில்லை. எனக்கு ஆற்றாமை அதுதான். காசு போனதல்ல.

லா ஃபொந்தேன் எழுதிய ஓக் மரமும் நாணலும் கதை எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் பாடம். புயலில் பெரிய மரம் வேரோடு சாயும், நாணல் வளைந்து தப்பிக்கும். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயலுக்குப் பிறகு பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் கிடந்த கிடையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதைக்கு உரை தேவையில்லை.

இப்போது இதை எழுதக் காரணமான சங்கதிக்கு வருகிறேன். பிரான்சில் இருக்கும் என் மைத்துனர் மகன் வரும் தை மாதம் வருகிறான். அங்கே 'பிளை' தூண்டில் போட்டுப் பழகியவன். இங்கே வள்ளத்தில் போய் அதைப் போடவேண்டும், என்ன கோல் கொண்டுவரட்டும் மாமா என்று கேட்டிருக்கிறான்.

பிளை தூண்டில் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். அதில் குண்டே கிடையாது. முள்ளில் இறகையும் மயிரையும் கட்டிப் பூச்சி மாதிரி, குஞ்சுமீன் மாதிரி செய்கிறார்கள். அதற்கு எடையே இல்லை. எனவே கயிறுதான் கனம். கயிற்றுக்கு எண் உண்டு. 6ஆம் எண் என்றால் முதல் 30 அடிக் கயிறு 160 கிரெயின், நம் பத்தரை கிராம். தங்கம் நிறுத்த காலத்துக் கணக்கில் எண்பது சொச்சம் குன்றிமணி. 8ஆம் எண் 210 கிரெயின். அந்தக் கயிற்றைப் பின்னால் ஒரு வீச்சு, முன்னால் ஒரு வீச்சு என்று சாட்டைபோல விரித்துப் போடவேண்டும். குளிர்ந்த ஓடையில் டிரவுட் மீனுக்காகப் பிறந்த வித்தை இது. நீலகிரியில் அந்த மீனை வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டதே இந்த விளையாட்டுக்காகத்தான். சமவெளி மீனையும் அவர்கள் சும்மா விடவில்லை. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் 'தி ராட் இன் இந்தியா' எழுதினார், 1887இல் நம் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனிப் புத்தகம் போட்டார். கோப்புக்கும் நடுவில் ஓர் அதிகாரிக்கு இத்தனை நேரம் கிடைத்திருக்கிறதே என்று குமாஸ்தாவாக எனக்குப் பொறாமை உண்டு.

நம் மீன் வேறு, தண்ணீர் வேறு. வெதுவெதுப்பான, கலங்கலான தண்ணீர். கொடுவாவுக்குப் பெரிய இறகுக்கட்டு வேண்டும், அது காற்றை இழுக்கும். ஆகவே டிரவுட்டுக்குப் போடும் 4, 5 எண் கோல் இங்கே ஆகாது. 7ஆம் எண், எட்டு அடி, கண்ணாடி இழை. இதுதான் நான் அவனுக்கு எழுதியது. எட்டு அடிக்கு மேல் போனால் கண்ணாடி கனக்கும், பிச்சாவரம் பக்கத்துக் கால்வாய்களில் சுரபுன்னைக் கிளையிலும் மாட்டும். ஏழுக்குக் கீழே போனால், குந்தியிருக்கும் நிலையில் பின்வீச்சு தண்ணீரைத் தொடும்.

கிளை என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தக் காட்டில் தில்லை மரம் உண்டு. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே தில்லைதான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கோலால் கிளையை அடித்து ஒடிக்காதீர்கள், முள் மாட்டினால் வள்ளத்தைக் கிட்டே கொண்டுபோய்க் கையால் எடுங்கள், கண்ணாடி போட்டிருங்கள். வனத்துறை எல்லைக்குள் அனுமதி கேட்காமல் நுழையவே வேண்டாம். ஏரி என்றால் மீன்பாசிக் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை. இது கோலைப் பற்றிய பேச்சில்லை, ஆனாலும் சொல்லவேண்டும்.

முடித்த கோலை வாங்காமல் வெறுங்கோலாக வாங்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மலிவுக் கோலில் வளையம் ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடிக்கும். உப்புக் காற்று யாரையும் விடுவதில்லை. நாமே கட்டினால் நல்ல வளையமாகப் பார்த்துக் கட்டலாம். பிடியும் அப்படியே. விரல் மூட்டு வீங்கியவனுக்கு மெல்லிய பிடி எமன். தக்கைப் பிடியைப் பருமனாக வைத்துக்கொண்டால் இறுக்கிப் பிடிக்கவேண்டியதில்லை, வலி பாதியாகும். எந்தக் கோல் என்பதைவிட இது முக்கியம் என்றுகூடச் சில நாள் தோன்றும்.

வெறுங்கோலைக் கையில் வாங்கியதும் ஒரு கண்ணை மூடி, துப்பாக்கி பார்ப்பதுபோல நீளவாக்கில் பாருங்கள். கோணல் தெரிந்துவிடும். லேசான கோணலுக்குப் பயப்படவேண்டாம். பிறகு அடியைத் தரையில் ஊன்றி, நுனியை ஒரு கையால் தாங்கி, நடுவில் மெதுவாக அழுத்திக்கொண்டே உருட்டுங்கள். ஓரிடத்தில் தானாகத் துள்ளி அமர்ந்துகொள்ளும். துணியைச் சுற்றும்போது விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடம் அது, கோலின் முதுகெலும்பு என்பார்கள். அதைப் பார்த்து ஒரே கோட்டில் வளையத்தைக் கட்டவேண்டும். அடிக்கு ஒன்று, அதற்குமேல் ஒன்று என்பது பழைய கணக்கு. எட்டு அடிக்கு ஒன்பது. மூட்டு எப்படி என்று பாருங்கள். உலோக மூட்டு வேண்டாம், உப்பில் இறுகிக்கொண்டு கழற்ற வராது. கண்ணாடிக்குள் கண்ணாடியே சொருகும் மூட்டு வேண்டும். இரண்டு துண்டு நல்லது. விமானத்தில் வருகிறவன் மூன்று துண்டாகக் கொண்டுவரட்டும், மன்னிக்கலாம்.

கடையில் 'ஃபைபர்' என்று சொல்லி மலிவாகக் கொடுக்கும் கோலில் பல, உள்ளே பொள்ளல் இல்லாத கெட்டிக் கம்பி. அதை வைத்துக்கொண்டு, கண்ணாடி இழை கனம், சவசவ என்று தீர்ப்பு எழுதாதீர்கள். குழலைக் கேட்டு வாங்குங்கள். கெட்டிக் கம்பி கெளுத்திக்குப் போதும், முறியவும் முறியாது. ஆனால் மடவை கொத்துவது கைக்குத் தெரியாது.

காற்றில் கண்ணாடிக் கோல் திணறும் என்பது உண்மை. வெயில் ஏறிக் கடல்காற்று எழும்பிவிட்டால் பெரிய இறகுக்கட்டை எதிர்க்காற்றில் போடுவது சிரமம். கார்பன்காரர்கள் இந்த ஒரு இடத்தில் ஜெயிப்பார்கள். என் பதில், காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துக்கொண்டு கரையேறுங்கள் என்பது. அதற்குப் பிறகு மீனும் வாய் திறப்பதில்லை, நம் முதுகும் ஒத்துழைப்பதில்லை. இன்னொரு குறையும் சொல்வார்கள். கொடுவாவின் வாய் கெட்டி, தொளதொளக் கோலால் சுண்டினால் முள் ஏறாது என்று. சுண்டவே வேண்டாம். கோலைத் தாழ்த்தி, இடது கையால் கயிற்றை வெடுக்கென்று இழுங்கள். முள்ளை அரத்தில் தீட்டி வைத்திருந்தால் ஏறும்.

ஐப்பசி கார்த்திகை வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளியத் தை பிறக்கவேண்டும். மைத்துனர் மகனிடம் வெறுங்கோலை மட்டும் முன்கூட்டியே யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன். வளையம் கட்ட நூல் கடலூரிலேயே கிடைக்கும். பத்து நாள் போதும் எனக்கு, கண் கூசாத காலை நேரமாகப் பார்த்துக் கட்டினால்.