மூணாவது விசில்

சங்கரன்கோவிலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனால் எனக்கு நல்ல சாப்பாடு உண்டு. கூடவே ஒரு வேலையும் உண்டு. போன தடவை கொடுத்த வேலை ரொம்பச் சுலபம்.

"ஏல, நான் கோமதியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்துருதேன். குக்கர்ல பருப்பு கிடக்கு. மூணு விசில் வந்ததும் அடுப்ப அமத்திரு. மறந்துராத."

"சரிக்கா."

இதில் மறக்க என்ன இருக்கிறது? டிகிரி படித்தவன். ஆபீஸில் முந்நூறு பேருக்குச் சம்பளக் கணக்குப் போடுகிறவன். மூன்று வரை எண்ணத் தெரியாதா?

ஆனால் அந்தத் தெருவில் எண்ணுவது லேசுப்பட்ட காரியமில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே விசைத்தறி. காலையிலிருந்து 'டடக் டடக்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். முதல் விசில் கேட்டது. இரண்டாவது, கேட்ட மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன். பேசிக்கொண்டே வாசலுக்கு நடந்தேன். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தானிடம், "அத்தான், அந்தக் குக்கரைக் கொஞ்சம் அமத்திருங்க" என்றேன். அத்தான் தலையாட்டினார். (அது எனக்கு ஆட்டிய தலை அல்ல, ராசிபலனுக்கு ஆட்டிய தலை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.)

மூணாவது விசில் வரவே இல்லை. வெயிட்டுக்கு அடியில் ஒரு பருப்பு போய் அடைத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் 'டொப்' என்று ஒரு சத்தம். மூடியில் இருந்த சேஃப்டி வால்வு பிய்த்துக்கொள்ள, அரைப்படி பருப்பு அடுக்களைக் கூரையில் கோலம் போட்டிருந்தது.

அக்கா வந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"அடுப்ப அமத்துனியால?"

"அத்தான்கிட்ட சொன்னேனேக்கா!"

"சொன்னியான்னா கேட்டேன்? அடுப்பு அமந்துச்சான்னு கேட்டேன்."

எட்டாவதோடு நின்றுவிட்ட என் அக்கா கேட்ட இந்தக் கேள்வியை, 1979-ல் அமெரிக்காவில் ஒரு கட்டுப்பாட்டு அறையில் யாராவது கேட்டிருந்தால், உலகத்தின் அணு மின்சார வரலாறே வேறு மாதிரி இருந்திருக்கும்.

* * *

குக்கருக்கும் அணு உலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? ஒரே வம்சம்!

1679-ல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், எலும்பைக்கூட மெத்தென்று வேகவைக்கிற ஒரு பாத்திரம் செய்தார். மூடியை இறுக்கிப் பூட்டி, உள்ளே நீராவியைக் கட்டிப்போடுவதுதான் வித்தை. கட்டிப்போட்ட நீராவி சும்மா இருக்குமா? வெடிக்கும். அதற்காக ஒரு சின்ன ஓட்டை வைத்து, அதன்மேல் எடை தொங்கும் நெம்புகோலை வைத்தார். அழுத்தம் அளவு மீறினால் எடையைத் தூக்கிக்கொண்டு ஆவி வெளியே வரும். குறைந்தால் எடை மறுபடி உட்காரும். உங்கள் வீட்டுக் குக்கர், ரயில் இன்ஜின், கூடங்குளம் எல்லாவற்றுக்கும் இந்தச் சட்டிதான் பாட்டனார்.

அளவில்தான் வித்தியாசம். குக்கருக்குள் அழுத்தம் வெளியில் இருப்பதைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அதிகம். தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கும். கூடங்குளம் உலையில் யுரேனியத்தைச் சுற்றி ஓடும் தண்ணீரின் அழுத்தம் சுமார் 160 கிலோ, சூடு சுமார் 320 டிகிரி. இந்தத் தண்ணீர் நான்கு பெரிய கலன்களுக்குள் குழாய் வழியாகப் போய், தன் சூட்டை வேறு தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். அந்த இரண்டாவது தண்ணீர்தான் ஆவியாகி டர்பைனைச் சுற்றுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. இரண்டு பக்கமும் தனித்தனிப் பாதுகாப்பு வால்வுகள் உண்டு.

இன்னொரு முக்கியமான வித்தியாசம். குக்கரில் அடுப்பை அமத்தினால் கதை முடிந்தது. அணு உலையில் முடியாது. உலையை நிறுத்திய அந்த நிமிஷத்திலும் முழுச் சூட்டில் சுமார் 6 சதவிகிதம் வந்துகொண்டே இருக்கும். கூடங்குளத்தில் ஒரு உலையின் முழுச் சூடு 3000 மெகாவாட். ஆறு சதவிகிதம் என்றால் 180 மெகாவாட்! நேரமாக ஆக இது குறையும். ஆனாலும் நாள்கணக்கில் இருக்கும். அதனால்தான் அங்கே விசில் என்பது அலங்காரம் அல்ல, உயிர்நாடி.

* * *

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. பென்சில்வேனியா மாநிலத்தில் த்ரீ மைல் ஐலண்ட் மின் நிலையம், இரண்டாவது உலை. இரண்டாவது பக்கத்துக்குத் தண்ணீர் ஊட்டும் பம்புகள் நின்றுபோயின. உலைத் தண்ணீரின் அழுத்தம் ஏறியது. மேலே இருந்த வால்வு திறந்துகொண்டது. சபாஷ். எட்டு விநாடியில் உலை தானாக நின்றது. பலே சபாஷ். அழுத்தம் இறங்கியதும், பதின்மூன்றாவது விநாடி வாக்கில் வால்வுக்கு 'மூடிக்கொள்' என்று மின் கட்டளை போனது. கட்டுப்பாட்டு அறையில் விளக்கு அணைந்தது. அறையில் இருந்தவர்கள் நிம்மதியானார்கள்.

வால்வு மூடவில்லை. சிக்கிக்கொண்டு 'ஆ' என்று வாயைத் திறந்தபடியே நின்றது.

அப்புறம் விளக்கு ஏன் அணைந்தது? அதுதான் விஷயம். அந்த விளக்குக்கு வால்வோடு நேரடிப் பேச்சுவார்த்தையே கிடையாது. கட்டளை போயிற்றா என்பதை மட்டும்தான் அது காட்டும். "அத்தான்கிட்ட சொன்னேனே" ரகம்!

திறந்திருந்த வால்வு வழியாக உலைத் தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. இன்னொரு அளவுமானியோ தண்ணீர் ததும்புவதாகக் காட்டியது. அதை நம்பி, தானாக ஓட ஆரம்பித்த அவசரத் தண்ணீரையும் குறைத்துவிட்டார்கள். காலை 6.22-க்கு, அடுத்த ஷிப்டுக்கு வந்த ஒருவர் சந்தேகப்பட்டு, அந்தக் குழாயில் இருந்த இன்னொரு அடைப்பு வால்வை மூடச் சொன்னார். அதற்குள் 2 மணி 22 நிமிஷம் ஓடிவிட்டது. உலையின் உட்பகுதியில் கிட்டத்தட்டப் பாதி உருகியது. சுற்றியிருந்த கான்கிரீட் கூடு தாங்கியதால் ஊர் தப்பித்தது. அந்த உலை அதற்குப் பிறகு ஓடவே இல்லை.

இதைவிட வேதனை ஒன்று உண்டு. 1977 செப்டம்பரில், ஒஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதே மாதிரி வால்வு திறந்தே நின்றது. அங்கே உலை குறைந்த சக்தியில் ஓடியது. சுமார் இருபது நிமிஷத்தில் கண்டுபிடித்து அடைத்துவிட்டார்கள். உலையை வடிவமைத்த கம்பெனிக்குள்ளேயே ஒரு இன்ஜினீயர் இதைப் பற்றி எச்சரித்துக் குறிப்பு எழுதினார். அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. எந்த ஊர் ஆபீஸாக இருந்தால் என்ன, ஃபைல் ஃபைல்தான்.

* * *

இந்த அனுபவத்துக்குப் பிறகு, ஒரு நல்ல வால்வுக்கு என்ன லட்சணம் என்று பெண் பார்க்கப் போகிற மாதிரி ஜாதகமே எழுதினார்கள்.

முதலாவது, திறக்க வேண்டிய அழுத்தத்தில் திறக்க வேண்டும். முன்னேயும் கூடாது, பின்னேயும் கூடாது. இரண்டு மூன்று சதவிகிதத்துக்கு மேல் விலகினாலே கழற்றிச் சரிசெய்ய வேண்டும். இதற்காகக் காலம் தவறாமல் சோதனை உண்டு.

இரண்டாவது, அழுத்தம் குறைந்ததும் மூட வேண்டும். மூடாவிட்டால் அடைப்பதற்கு வழி இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று வேலை செய்ய வேண்டும். ஒரே ஒரு வால்வை நம்பி ஊரை வைக்கக் கூடாது.

நான்காவது, ஆவி மட்டும் அல்ல, ஆவியும் தண்ணீரும் கலந்து வந்தாலும் தாங்குமா என்று நிஜமாகவே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவதுதான் என் அக்காவின் சட்டம். கட்டளை போனதா என்று அல்ல, வால்வு மூடியதா என்று நேரடியாகத் தெரிய வேண்டும். சில நிலையங்களில் வெளியேற்றும் குழாயிலேயே சத்தம் கேட்கும் கருவியைப் பொருத்தினார்கள். உள்ளே ஏதாவது ஓடினால் 'உஸ்' என்ற சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

திறக்காமல் போனாலும் ஆபத்துதான். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் சுனாமி வந்து மின்சாரம் போனபோது, அழுத்தத்தை இறக்கும் வால்வுகளைத் திறக்கக் கரண்ட் இல்லை. ஊழியர்கள் கார்களிலிருந்து பேட்டரிகளைக் கழற்றிவந்து, ஒன்றோடொன்று இணைத்து, திறக்கப் போராடினார்கள்.

* * *

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். சங்கரன்கோவிலிலிருந்து கூடங்குளம் நூறு கிலோமீட்டருக்கு மேல். 2019-ல் தென்காசி மாவட்டம் பிரிவதற்கு முன்னால் இரண்டும் ஒரே நெல்லை மாவட்டம்தான்.

ஃபுகுஷிமா நடந்து சில மாதங்களில், 2011-ன் மத்தியில், கூடங்குளம் முதல் உலையில் வெப்ப ஓட்டம் நடந்தது. உள்ளே யுரேனியம் கிடையாது, டம்மி எரிபொருள்தான். பம்புகள் ஓடும் சூட்டிலேயே தண்ணீரைச் சூடாக்கி, குழாய்களையும் வால்வுகளையும் சோதிப்பது. இன்ஜினீயர் காதுக்கு, ஆவி சீறும் சத்தம் 'வேலை செய்கிறது' என்கிற சங்கீதம். இடிந்தகரையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, டி.வி.யில் ஃபுகுஷிமாவைப் பார்த்த தாய்க்கு அது என்னவாகக் கேட்டிருக்கும்? ஆலையில் இருந்தவர்கள், 'மக்களுக்குச் சொல்லியாச்சு' என்று நினைத்திருக்கலாம். மக்களுக்குப் போய்ச் சேர்ந்ததா? விளக்கு அணைந்திருந்தது. வால்வு திறந்தே கிடந்தது.

அந்தச் செப்டம்பரில், மக்களின் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்திவைக்கும்படி தமிழக அமைச்சரவை தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 18-ல் சங்கரன்கோவில் தொகுதிக்கு இடைத்தேர்தல். மறுநாளே, மார்ச் 19-ல், அதே அமைச்சரவை கூடங்குளத்துக்குப் பச்சைக்கொடி காட்டியது. ஓட்டு எண்ணி முடிவு சொன்னது 21-ம் தேதி. ஒரே நாளில் எல்லோருடைய அச்சமும் தீர்ந்துவிட்டதா என்று அத்தானைக் கேட்டேன்.

"அத விடும்வே. அந்த வருஷம் கரண்ட் எப்ப வரும், எப்பப் போகும்னு ஒருத்தனுக்கும் தெரியாது. தறி நின்னா கூலி நின்னுரும். எங்களுக்கு மின்சாரம் வேணும். அவங்களுக்கு உசுரு வேணும். ரெண்டையும் எதிரெதிரா நிறுத்துனது யாருங்கேன்?"

நியாயமான கேள்வி. கோபத்தில்கூட அத்தான் ராசிபலனை மடித்துவைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

2013 ஏப்ரலில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஒரு செய்தி சொன்னது. கூடங்குளத்தில் நடந்த சோதனையில் ஒரு வகை வால்வுகளில் நான்கின் செயல்பாடு சரியில்லை என்று. பலர் பயந்தார்கள். எனக்கோ அன்றுதான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. சோதித்தார்கள், குறையைக் கண்டுபிடித்தார்கள், வெளியே சொன்னார்கள். விளக்கு நிஜம் பேசியது. மே 6-ல் உச்ச நீதிமன்றம் நிலையத்தை அனுமதித்தபோதும் 15 கட்டளைகள் போட்டது. அதில் ஒன்று, கருவிகளின் தரத்தைப் பார்த்து அறிக்கை தாக்கல் செய்த பிறகே ஓட்ட வேண்டும் என்பது. 'பார்த்தாச்சு' என்று வாயால் சொன்னால் போதாது!

ஜூலை 13-ல் உலை உயிர்பெற்றது. 2014 மே 14-ல் ஒரு வால்வுப் பராமரிப்பு வேலையின்போது சுடுதண்ணீர் கொட்டி ஆறு பேருக்குக் காயம். கதிர்வீச்சு அல்ல, வெறும் சுடுதண்ணீர்தான். ஆனால் வெந்த தோலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இன்று அங்கே இரண்டு உலைகள் ஓடுகின்றன. மேலும் நான்கின் கட்டுமானம் 2017-லும் 2021-லும் தொடங்கியது. வால்வுகள் இன்னும் கூடும். கூடவே, 'மூடியதா?' என்று கேட்கிற ஆட்களும் கூட வேண்டும்.

* * *

மறுநாள் அக்கா மறுபடி குக்கர் வைத்தாள். நான் போனை அணைத்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மூணு விசில். அமத்தினேன். குனிந்து தீ அணைந்ததா என்று பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் மானேஜர் கேட்டார்: "அந்தப் பென்ஷன் ஃபைல் என்னாச்சு?"

"அனுப்பச் சொல்லியாச்சு சார்" என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு எழுந்து போய்ப் பார்த்தேன்.

மூணு மாசமாக என் மேஜை டிராயரிலேயே இருந்தது.