வேதசாஸ்திர உயர்கல்வியும் தமிழும்

நம் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்று வெளியேறும் மாணவருள் சிலர் குருத்துவக் கல்வியை நாடிச் செல்வதுண்டு. பொறியியலுக்கும் வாணிகத்திற்கும் செல்வோரைக் குறித்து நாம் பேசுமளவு இவர்களைக் குறித்துப் பேசுவதில்லை. இவர்கள் எம்மொழியில் எதைக் கற்று, யாருக்குப் போதிக்கத் திரும்புகின்றனர் என்பது சபைகளுக்கும் கல்லூரிக்கும் ஒருங்கே உரிய விஷயமாதலின், அதுபற்றி நமது கருத்தைச் சிறிது விரித்துரைக்கத் துணிகின்றோம்.

நம் நாட்டில் இக்கல்வியின் தொடக்கம் சுதேச பாஷையிலேயே அமைந்ததென்பதை முதலில் நினைவுகூர்தல் நன்று. 1706-இல் தரங்கம்பாடியில் கரையேறிய சீகன்பால்கு ஐயர், மணலில் எழுத்துப் பழகிய சிறுவருடன் தாமும் அமர்ந்து தமிழ் கற்றார். புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தினின்று தமிழாக்கி 1715-க்குள் அச்சேற்றினார். 1716-இல் உபதேசிமாரையும் உபாத்தியாயரையும் பயிற்றும் பள்ளியொன்றை நிறுவினார். அம்மிஷனில் 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் தமிழர், தமிழிலேயே போதித்தார். வங்காளத்துச் சீராம்பூரில் 1818-இல் கேரியும் மார்ஷ்மனும் வார்டும் கல்லூரி நிறுவியபோதும், சமஸ்கிருதமும் வங்காளியும் அதன் நடுவிடத்தில் நின்றன. அக்கல்லூரிக்குப் பட்டமளிக்கும் அதிகாரத்தை 1827-இல் ஈந்தவர் டேனிஷ் மன்னர். தரங்கம்பாடியும் சீராம்பூரும் அக்காலத்தில் ஒரே கொடியின்கீழ் இருந்தவை; 1845-இல் இரண்டும் ஒருங்கே ஆங்கிலக் கம்பெனியாருக்கு விற்கப்பட்டன. 1915-இல் சீராம்பூர் முதன்முதல் பி.டி. பட்டங்களை வழங்கியது, 1918-இன் சட்டம் அவ்வதிகாரத்தை உறுதிப்படுத்தியது. இன்று நம் நாட்டுப் புரோட்டஸ்டாண்டு இறையியல் கல்லூரிகளுள் மிகப் பல அச்சீராம்பூர்ப் பட்டங்களையே நாடி நிற்கின்றன. அதனிடையே, 1830-இல் கல்கத்தாவில் டஃப் ஐயர் தொடங்கிய ஆங்கிலக் கல்விமுறை நாடெங்கும் பரவி, வேதசாஸ்திர வகுப்புகளையும் தன் வயமாக்கிக்கொண்டது.

நிற்க. தமிழில் இக்கல்வி இல்லவே இல்லை என்பது நம் கருத்தன்று. மதுரை அரசரடியில் 1969-இல் தோன்றிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி பி.டி. வகுப்பைத் தமிழில் நடத்திக் காட்டியது. 'பரட்டை' என்று மக்கள் அன்புடன் அழைத்த தியாபிலஸ் அப்பாவு ஐயர், நாட்டார் மெட்டில் வழிபாட்டுப் பாடல்களை இயற்றியது அங்கே ஆசிரியராயிருந்த காலத்தில்தான். எனினும் பி.டி.க்கு மேற்பட்ட எம்.டி.எச்., டி.டி.எச். முதலிய பட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தையே சார்ந்து நிற்கின்றன. எபிரெயத்தையும் கிரேக்கத்தையும் கற்கும் தமிழ் மாணவன் ஆங்கில இலக்கணத்தின் வழியாகவும் ஆங்கில அகராதியின் வழியாகவுமே அவற்றை அணுகுகிறான். ஆங்கில வியாக்கியானத்தைப் படித்துப் பரீட்சை எழுதுகிறான். பின்னர் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பிரசங்க பீடத்தில் ஏறி, மூன்றாம் கைப்பட்ட பொருளைச் சபையார்க்கு விளம்புகிறான்.

இதனாற் குறைவது யாது என வினவுவோர்க்குச் சில எடுத்துக்காட்டுகள் கூறுவோம். தமிழில் நாம் என்பதும் நாங்கள் என்பதும் வெவ்வேறு. முன்னையது கேட்போனையும் உளப்படுத்தும், பின்னையது விலக்கும். கிரேக்கத்தில் இவ்வேற்றுமை இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. யோவானின் முதலாம் நிருபத்தை எடுத்துக்கொள்க. தொடக்கத்தில், ஜீவவார்த்தையைக் கண்ணாற் கண்டு கையால் தொட்ட சாட்சிகளின் கூற்றை நம் பழைய மொழிபெயர்ப்பு நாங்கள் என்று வைத்தது. சில வசனங்களுக்குப்பின், பாவத்தைக் குறித்துப் பேசுமிடத்தில், நாம் என்று மாறிற்று. மூலத்தில் ஒரே சொல்தான். காட்சியில் தனித்து நின்ற அப்போஸ்தலர், குற்றத்தில் வாசகரோடு சேர்ந்து நிற்கின்றனர் என்று அம்மொழிபெயர்ப்பாளர் தீர்ப்புச் செய்திருக்கின்றனர். அது தகுந்த தீர்ப்பென்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் அது ஒரு தீர்ப்பு என்பதை அறிந்த போதகர் எத்தனை பேர்? புயலில் அகப்பட்ட படகில் சீஷர்கள் தங்கள் ஆண்டவரை எழுப்புமிடத்திலும் இவ்வினாவே எழும். மடிவோருள் அவரையும் சேர்த்துச் சொன்னார்களா, சேர்க்காமல் சொன்னார்களா? இவ்வினாவை ஆங்கில வியாக்கியானம் எழுப்பவேண்டிய அவசியமே இல்லை. தமிழன் எழுப்பாதிருக்க இயலாது.

இதனினும் கூரியது மரியாதைச் சொல்லின் காரியம். தேசாதிபதியாகிய பிலாத்து கட்டுண்டு நின்றவரை நீ என்று விளிப்பதாகவும், அவர் அவனுக்கு நீர் என்று மறுமொழி கூறுவதாகவும் நம் வேதபுத்தகத்தில் வாசிக்கின்றோம். கிரேக்கத்தில் இருவரும் வழங்குவது ஒரே முன்னிலைச் சொல்லே. அவ்வேற்றுமை நம் நாட்டு வழக்கிலிருந்து உட்புகுந்தது. யாரை நீ எனலாம், யாரை நீங்கள் எனல் வேண்டும் என்பது சாதியாலும் நிலபுலத்தாலும் இன்றும் அளக்கப்படும் ஊர்கள் உள. அவ்வூர்களில் இப்பகுதியைப் போதிக்கும் ஐயர், எளியவர் அதிகாரிகளுக்குப் பணிந்து பேசவேண்டும் என்பதற்கு ஆண்டவரையே சான்றாகக் காட்டிவிடக்கூடும். மூலத்தில் அத்தகைய பணிவுச்சொல் யாதும் இல்லையென்று அறிந்தவரோ வேறு விதமாய்ப் பேசுவார். கிரேக்கம் ஏட்டுச்சுரைக்காய் என்று சொல்வோர் இதனைச் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டுகின்றோம்.

எபிரெயத்திலும் அஃதே. பெயரும் பெயரும் அடுத்து நின்று, வினைச்சொல் வேண்டாமலே பொருள் முற்றும் வாக்கியம் அம்மொழியில் மிகுதி. 'நான் கர்த்தர்' என்னும் அமைப்பு தமிழ்ப் பிள்ளைக்குத் தொட்டிலிலேயே பழகியது. ஆங்கில வழியே கற்பவனோ, இடையில் ஒரு வினை மறைந்துநிற்கிறதென்னும் விதியை முதலிற் கற்றுப் பிற்பாடு மறக்க வேண்டியவனாகிறான். (சாலொமோனுக்குக் கப்பலில் வந்த மயில்களின் எபிரெயப் பெயர் நம் தோகையே என்று கால்டுவெல் அத்தியட்சர் 1856-இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் எடுத்துக்காட்டியதை மாணவர் மிகவும் விரும்புவர். அது சுவையான செய்திதான். ஆயின் இலக்கணத்தின் உறவே பயன் தருவது.)

நம்மை மறுப்போர் கூறுவதில் வலுவுண்டு என்பதையும் மறைக்கலாகாது. பேதுரு பட்டதாரியல்லர். பல கிராமச் சபைகளுக்குப் பொறுப்பேற்ற குருவானவர்க்கு வேண்டுவது வலிய கால்களும் பொறுத்த நெஞ்சுமேயன்றி வினைவிகற்பங்களல்ல என்பர். வியாதிக்காரர் வீட்டிற்குப் போகாத பண்டிதரைவிட, போகின்ற பாமரர் மேலானவரென்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் அக்குருவானவர் வாரந்தோறும் பிரசங்கமும் செய்கின்றார். அவர் சொல்லை வேதவசனத்தின் பொருளாகவே மக்கள் ஏற்கின்றனர். மேலும், உயர்பட்டம் பெற்றோர் கிராமத்தை விட்டு நகரத்துக் கல்லூரிகளுக்கும் அயல்நாடுகளுக்கும் போய்விடுகின்றனர் என்னும் குறைக்கு, அப்பட்டம் கற்பிக்கப்படும் மொழியும் ஒரு காரணமன்றோ? ஆங்கிலத்தில் எழுதிய ஆராய்ச்சி ஆங்கிலம் வழங்கும் இடத்தையே நாடும்.

பட்டத்தைப் பெயருக்குமுன் வைப்பதற்காக மட்டும் நாடுவோரைக் குறித்து இங்கே விரித்தெழுத விரும்பவில்லை. சில மாதங்களில், ஒரு நூலும் புரளாமல், டாக்டர் என்னும் சொல் விலைக்குக் கிடைக்கிறது. சுவரொட்டிகளைக் காண்போர் அறிவர்.

நாம் வேண்டுவன பெரியனவல்ல. எபிரெய கிரேக்க பாலபாடங்கள் ஆங்கில நூல்களின் பெயர்ப்பாக இன்றி, நன்னூல் கற்ற மாணவனுக்கென்றே தமிழில் எழுதப்படல் வேண்டும். இதற்கு இறையியல் ஆசிரியரோடு நம் கல்லூரிகளின் தமிழாசிரியரும் ஒருங்கமர்ந்து உழைத்தல் கூடும். பி.டி. முடித்தோர் சில ஆண்டுகள் கிராமச் சபையில் ஊழியஞ்செய்த பின்னரே மேற்படிப்புக்கு அனுப்பப்படல் வேண்டும். அங்கே எழுந்த கேள்வியே அவர்தம் ஆராய்ச்சிப் பொருளாகலாம். ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் தமிழர் ஒவ்வொருவரும் அதன் சாரத்தை ஐம்பது பக்க அளவில் தமிழில் எழுதித் தம் திருமண்டலத்து நூல்நிலையத்திற்கும், தம்மை முதலிற் பயிற்றிய கல்லூரிக்கும் ஒவ்வொரு படி அளிக்கும்படி சபைகள் கேட்டல் வேண்டும். படிப்புச்செலவில் ஒரு பங்கைச் சபைகளே தாங்கும் இடங்களில் இவ்வாறு கேட்க அவற்றிற்கு உரிமையுண்டு. இப்போது குருத்துவக் கல்வி பயின்றுவரும் நம் பழைய மாணவர் எவரேனும் அத்தகைய சுருக்கமொன்றை அனுப்புவாராயின், அதனை இம்மலரின் தமிழ்ப் பகுதியில் வெளியிடுமாறு பத்திராதிபரை வேண்டிக்கொள்கின்றோம்.