குளிர்கால விடுமுறை: மலைக்கா, கடற்கரைக்கா?

மார்கழி பிறந்ததும் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை. நான்கு நாள் ஊட்டிக்குப் போகலாம் என்கிறார்கள். அப்பாவையும் அழைத்துப் போகலாமா, டாக்டர்?" கேட்பவர் பெரும்பாலும் மகனாகவோ மருமகளாகவோ இருப்பார். அருகில் அமர்ந்திருக்கும் பெரியவர் வாய் திறப்பதில்லை. நாங்கள் வேண்டாம் என்று சொன்னால் பயணம் நிற்பதில்லை. பெரியவர் மட்டுமே நின்றுவிடுகிறார். சாவியைப் பக்கத்து வீட்டிலும் மூன்று நாள் குழம்பைக் குளிர்பதனப் பெட்டியிலும் வைத்துவிட்டு மற்றவர்கள் புறப்படுகிறார்கள்.

இதய நோயோ ஆஸ்துமாவோ சர்க்கரை நோயோ உள்ளவரும் விடுமுறைக்குச் செல்ல வேண்டியவரே என்பது எங்கள் உறுதியான கருத்து. நோய் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒருவரைக் குளிர்காலத்தில் வீட்டிலேயே இருத்திவைக்க மருத்துவக் காரணம் ஏதும் இல்லை. அவருக்கு ஏற்ற ஊரையும் நாளையும் தேர்ந்தெடுத்த பிறகே மற்றவர்கள் தங்கள் விருப்பங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வழக்கத்தில் இது தலைகீழாக நடக்கிறது. ஊர் முடிவான பிறகே எங்களிடம் அனுமதி கேட்கப்படுகிறது.

உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் சமவெளியைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு; ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. நல்ல நுரையீரலுக்கு இது பொருட்டன்று. நாட்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ளவருக்கு விடுதியின் மாடிப்படியே மலையாகிவிடும். இதனுடன் டிசம்பர், ஜனவரி மாதங்களின் உறைபனியும் சேர்கிறது. குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயம் கூடுதலாக உழைக்க நேர்கிறது. குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாய்களையும் இறுக்குகிறது. நெஞ்சுவலிக்கும் இளைப்புக்கும் இதைவிட வசதியான சூழல் வேறு இல்லை. குளிருக்கு அஞ்சி அறைக்குள் கரியடுப்பை வைத்துக் கதவைச் சாத்தி உறங்குவது, நோய் இல்லாதவர்களின் உயிருக்கும் ஆபத்தானது. மலை எங்கும் போய்விடாது. ஏப்ரல், மே மாதங்களில் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செல்லலாம்.

குளிர்காலத்திற்கு எங்கள் பரிந்துரை தென்கடற்கரைதான்: கன்னியாகுமரி, திருச்செந்தூர், தூத்துக்குடி, இராமேசுவரம். ஜனவரியில் அங்கே பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். இரவில் 20 டிகிரிக்குக் கீழே செல்வது அரிது. மூட்டுவலிக்காரர் காலையில் எழுந்து கைவிரல்களை மடக்கிப் பார்க்கும்போதே வேறுபாட்டை உணர்வார்.

எப்போது செல்வது என்பதில் மட்டும் குடும்பத்தாருடன் நாங்கள் சற்று வாதாட வேண்டியிருக்கிறது. அரையாண்டு விடுமுறை வடகிழக்குப் பருவமழையின் கடைசிப் பகுதியில் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியதையும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் மறந்துவிட முடியாது. சாலையும் இரயில் பாதையும் துண்டிக்கப்பட்ட ஊரில் இதய நோயாளி ஒருவர் சிக்கிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். மழை விட்ட பின்னரும் ஜனவரி நடுப்பகுதி வரை கன்னியாகுமரியிலும் இராமேசுவரத்திலும் ஐயப்ப பக்தர்களின் கூட்டம் இருக்கும். காணும் பொங்கலன்று கடற்கரையில் கால்வைக்க இடம் இராது. தை அமாவாசையன்று இராமேசுவரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவை எல்லாம் ஓய்ந்த தை மாதக் கடைசியும் மாசித் தொடக்கமும் எங்கள் கணக்கில் பொன்னான நாட்கள். பிள்ளைகளின் பள்ளி என்னாவது என்று கேட்பார்கள். சனி, ஞாயிறோடு ஒரு நாள் சேர்த்துக்கொண்டால் போதும். தாத்தாவுடன் கடல் பார்க்க எடுக்கும் ஒரு நாள் விடுப்புக்காக எந்தப் பிள்ளையும் தேர்வில் தோற்றுவிடாது.

பயணத்திற்கு வேனைவிட இரயிலே நல்லது. வேனில் மடக்கிய காலுடன் எட்டு மணி நேரம் அமர்ந்திருந்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையக்கூடும்; கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இன்னும் மோசம். இரயிலில் எழுந்து நடக்கலாம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் அது ஒருவராகவோ அத்தகைய இருவராகவோ எடுக்கும் சீட்டுக்குத்தான் பொருந்தும். குடும்பம் முழுவதற்கும் ஒரே சீட்டு எடுத்துவிட்டுப் பெரியவருக்கு மேல்படுக்கை கிடைத்தது என்று வருந்துவோர் பலர். பெரியவர்களின் சீட்டைத் தனியே எடுங்கள். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிறகு இராமேசுவரம் வரை மீண்டும் இரயில் செல்கிறது.

மருந்துகளை, தங்கும் நாட்களுக்கு மேல் ஐந்து நாட்களுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவை கைப்பையில் இருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிய பெட்டியில் அல்ல. நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் மாத்திரையும் இன்ஹேலரும் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ உடலோடு இருக்கட்டும். பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின், பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் சுமார் நான்கு வாரம் கெடாது. ஆகவே பனிக்கட்டிப் பெட்டியைச் சுமந்து அலையத் தேவையில்லை. பனிக்கட்டியோடு ஒட்டி உறைந்துபோன இன்சுலினைக் குப்பையில்தான் போட வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த இன்சுலினும் அப்படியே. ஈரத்துணி சுற்றிய சிறு மண்கலயம் போதுமானது. ஃபுளூ தடுப்பூசி போட எண்ணுவோர் பயணத்திற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்வது நலம்.

அடுத்து, பாதங்கள். கடற்கரைப் பயணம் முடிந்து எங்களிடம் வரும் சர்க்கரை நோயாளிகளில் நாங்கள் மிகவும் வருந்துவது, பாதத்தில் கொப்புளத்தோடு வருபவர்களைக் கண்டுதான். ஜனவரி வெயில்தானே என்று நண்பகலில் கோயிலின் வெளிப்பிராகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலுடன் ஒரு சுற்று வந்திருப்பார்கள். நரம்பு மரத்துப்போன பாதத்திற்குச் சூடு தெரியாது. அன்று மாலை கொப்புளம், நான்காம் நாள் சீழ். சில வேளைகளில் ஒரு விரலையே இழக்கும்படி ஆகிறது. கோயிலில் செருப்பு அணிய முடியாது; ஆனால் காலை எட்டு மணிக்குள்ளோ மாலை ஐந்துக்குப் பிறகோ செல்ல முடியும். தடித்த பருத்திக் காலுறை அணிய இடமளிப்பார்களா என்று வாயிலில் கேட்டுப் பாருங்கள். கடற்கரை மணலில் கிளிஞ்சலும் உடைந்த கண்ணாடியும் கிடக்கும்; அங்கே செருப்பைக் கழற்ற எந்தக் காரணமும் இல்லை. இரவு உறங்கும் முன் மகனோ மகளோ விளக்கொளியில் இரு பாதங்களையும் ஒரு முறை பார்க்க வேண்டும். பெரியவர் கூச்சப்படுவார். பரவாயில்லை, பாருங்கள்.

கன்னியாகுமரியில் சூரியோதயம் காண அதிகாலையில் எழுப்பிவிடுகிறார்கள். இன்சுலினைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கூட்டத்தில் நின்றால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். சூரியனைப் பார்த்து, சிற்றுண்டிக்கு அமரும்போது ஊசி போட்டுக்கொள்ளலாம். இராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈர உடையோடு வழுக்கும் கல்தரையில் நடப்பது, அண்மையில் மாரடைப்பு வந்தவருக்கு ஏற்றதன்று. ஓரிடத்தில் தலையில் தெளித்துக்கொண்டால் இறைவன் ஏற்க மாட்டாரா என்ன? கருவாடும் ஊறுகாயும் இதயச் செயலிழப்பு உள்ளவரின் காலை இரண்டே நாளில் வீங்கச் செய்துவிடும். நல்ல மீன் குழம்பை உப்புக் குறைத்துச் சாப்பிடலாம். தூத்துக்குடி மக்ரூனைப் பற்றி எங்களிடம் கேட்காமல் இருந்தால் நல்லது. கேட்டால் ஒன்று என்போம். வீட்டுக்கு வாங்கிவரும் பொட்டலத்தில் எத்தனை இருக்கும் என்பது எங்களுக்கும் தெரியும்.

டயாலிசிஸ் செய்துகொள்வோரும் போகலாம். செல்லும் ஊருக்கு அருகிலுள்ள டயாலிசிஸ் மையத்தில் இரண்டு மூன்று வாரம் முன்பே நாளும் நேரமும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகளை அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். பழைய அறிக்கையை ஏற்பார்களா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். அவசரம் என்றால் எங்கே செல்வது என்பதையும் புறப்படும் முன் குறித்துவைக்க வேண்டும். கன்னியாகுமரியில் தங்குவோர்க்கு நாகர்கோவில் சுமார் 20 கிலோமீட்டர். இராமேசுவரத்தில் தங்குவோர்க்கு இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் காலை வரை பார்ப்போம் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன் ஒரு முறை எங்களிடம் வாருங்கள். நோயின் பெயர், மருந்துகளின் அளவு, ஒவ்வாமை, கடைசியாக எடுத்த இ.சி.ஜி. ஆகியவற்றை ஒரே தாளில் எழுதித் தருகிறோம். அதன் ஒரு படியைப் பெரியவரின் சட்டைப் பையிலும், மற்றொன்றைச் செல்பேசியில் படமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அன்று பெரியவரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். எந்த ஊருக்குப் போக விருப்பம் என்று அவரிடமும் நாங்கள் கேட்க வேண்டும்.