மூலிகை மருந்து பாதுகாப்பானதா? மீன் கருவை வைத்து எப்படிச் சோதிக்கிறார்கள்?

"மூலிகைதானே, என்ன ஆகிடப் போகுது?" நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால் செடியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒரு மருந்து பாதுகாப்பானதாகிவிடாது.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடையைக் குறைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, அரிஸ்டோலோக்கியா வகைச் செடி தவறுதலாகக் கலந்துவிட்டதே காரணம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைப் பாதிக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும்.

சித்த மருத்துவம் பயன்படுத்தும் ஈசுரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் இதே செடிக் குடும்பம்தான். மலேசியாவில் பதிவாகும் மருந்துகளில் அரிஸ்டோலோக்கியா சேர்க்கத் தடை உள்ளது.

இப்படிப்பட்ட ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவுவதுதான் வரிக்குதிரை மீன் கரு.

ஏன் இந்த மீன்?

மீன் தொட்டிகளில் நாம் பார்க்கும் அதே கோடு போட்ட குட்டி மீன்தான். முட்டையின் அளவு சுமார் 1 மில்லிமீட்டர். கரு கண்ணாடி மாதிரி இருப்பதால், இதயம் துடிப்பதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம். கருவுற்று ஏறக்குறைய ஒரே நாளில் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இந்த மீனிலும் இணை உண்டு என்று 2013இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வு காட்டியது.

சோதனை எப்படி நடக்கும்?

பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு (ஓஇசிடி) 2013இல் இதற்கு ஓர் அனைத்துலக வழிகாட்டியை வெளியிட்டது. மூலிகைச் சாற்றை ஐந்து வெவ்வேறு அடர்த்திகளில் நீரில் கலப்பார்கள். ஒவ்வோர் அடர்த்திக்கும் 20 கருக்கள். சாறு கலக்காத நீரிலும் சில கருக்கள் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க. 96 மணி நேரத்துக்கு, நாளுக்கு ஒருமுறை நான்கு அறிகுறிகளைத் தேடுவார்கள்:

• கரு வெண்மையாக உறைந்துபோவது
• முதுகோரம் உடற்கண்டங்கள் உருவாகாதது
• வால் மஞ்சள்கருவிலிருந்து பிரியாதது
• இதயத் துடிப்பு இல்லாதது

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தக் கரு இறந்ததாகக் கணக்கு. எந்த அடர்த்தியில் பாதிக் கருக்கள் இறக்கின்றன என்பதை வைத்து நச்சுத்தன்மையை மதிப்பிடுவார்கள். முதுகு வளைவது, இதயத்தைச் சுற்றி நீர் கோப்பது போன்ற குறைபாடுகளையும் ஆய்வாளர்கள் குறித்துக்கொள்வதுண்டு. நம் நாட்டு மிசாய் கூச்சிங் போன்ற மூலிகைகளும் இப்படிச் சோதிக்கப்பட்டுள்ளன.

செலவு குறைவு, நேரமும் மிச்சம். எலிகளில் சோதிப்பதற்கு முன் எந்தச் சாற்றில் பிரச்சினை என்று வடிகட்டிவிடலாம்.

அப்போ இது போதுமா?

போதாது. மீன் கரு மருந்து கலந்த நீரில் கிடக்கிறது. நாமோ மருந்தை விழுங்கிச் செரிக்கிறோம். அதனால் கருவைப் பாதித்த அளவை அப்படியே மனிதனுக்குப் பொருத்த முடியாது. நீரில் கரையாத பொருள்களைச் சோதிப்பதும் சிரமம்.

காலமும் முக்கியம். அரிஸ்டோலோக்கிக் அமிலம் கருவின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பாதிப்பதை மீன் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் பல ஆண்டு கழித்து வரும் புற்றுநோயை நான்கு நாள் சோதனை காட்டாது. சோதித்த சாறு பாதுகாப்பானது என்றாலும், கடையில் விற்கும் பொட்டலத்தில் வேறு செடியோ ஸ்டீராய்டோ கலந்திருந்தால் அந்த முடிவுக்குப் பயனில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

• பொட்டலத்தில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி, எண்களுக்குப் பின் 'டி' என்ற எழுத்து வரும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பாரம்பரிய மருந்துக்கு அதுதான் அடையாளம்.
• அந்த எண்ணைத் தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் சரிபாருங்கள்.
• கர்ப்பிணிகளும் சிறுநீரக, கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.
• கிளினிக்கில் "வேறு மருந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்டால், கஷாயத்தையும் சூரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.