ஆஸ்திரேலியச் சட்டம் நம் வீட்டுப் பிள்ளையைக் காக்குமா?

16 வயதுக்குட்பட்டோர் சமூக வலைதளங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை விதிக்கும் சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று ஆஸ்திரேலியாவில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம், சிறுவர்களுக்கு ஆபாசக் காட்சிகள் எளிதில் கிடைப்பது தொடர்பான பொதுநல வழக்கில், இதுபோன்ற சட்டத்தை ஒன்றிய அரசும் பரிசீலிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கருத்துத் தெரிவித்தது. நம் மக்களில் பலரும் இதை வரவேற்றார்கள். வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால் திருவாண்டார்கோயிலில் மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவனுக்குத் தனியாகக் கணக்கு ஏது? அவன் பார்ப்பது அம்மாவின் போனில், அம்மாவின் கணக்கில். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பில் வீட்டுக்குள் வந்த பழக்கம் இது. வீட்டுப்பாடம் இன்றும் வாட்ஸ்அப்பில் வருகிறது. திருபுவனைத் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் குடும்பங்களிலும், அத்தா வளைகுடாவில் இருக்கும் வீடுகளிலும், அம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைப்பதே பிள்ளை போனைப் பார்க்கும் நேரத்தில்தான். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

யூடியூப் ஷார்ட்ஸில் ஒரு கார்ட்டூனுக்கு அடுத்து என்ன வர வேண்டும் என்று முடிவு செய்யும் கணினிக்குத் தெரிவது ஒரு முப்பது வயதுப் பெண்தான். எட்டு வயதுப் பிள்ளை அதன் கணக்கிலேயே இல்லை.

நம் நாட்டுச் சட்டத்திலும் இதே ஓட்டை உண்டு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி, இந்தக் கடமைகள் அமலாக 18 மாதங்கள் ஆகும். அமலான பிறகும், திறந்திருப்பது பெற்றோரின் கணக்காக இருந்தால் சம்மதம் கேட்க யாரும் வரப்போவதில்லை.

பருவமடையாத பிள்ளைகள் பெற்றோரின் அறைக்குள் நுழையவே மூன்று நேரங்களில் அனுமதி கேட்கும்படி கற்றுத்தரும் மார்க்கம் நம்முடையது (அல்குர்ஆன் 24:58). அந்த வீட்டுக்குள்தான் முகம் தெரியாதவர்கள் விளையாட்டுச் செயலியின் அரட்டை வழியாக அனுமதியின்றி வருகிறார்கள். பெயர் கேட்பார்கள், பள்ளி கேட்பார்கள், பிறகு போட்டோ கேட்பார்கள்.

ஆகவே முதல் வேலை, அம்மாவின் கணக்கிலிருந்து பிள்ளையைப் பிரிப்பது. யூடியூப் கிட்ஸ் தனிச் செயலியாகவே கிடைக்கிறது. பிள்ளைக்குத் தனியாக போனோ டேப்லெட்டோ இருந்தால், கூகுளின் ஃபேமிலி லிங்க் மூலம் நேரத்தையும் செயலிகளையும் கட்டுப்படுத்தலாம். இரண்டும் இலவசம். பிளே ஸ்டோரில் பணம் செலுத்தும்போது கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். விளையாட்டில் அரட்டையை நிறுத்திவிடுங்கள். இதைச் செய்யத் தெரியாத தாய்மார்கள் ஏராளம். மஹல்லாவில் கல்லூரி படிக்கும் பெண்பிள்ளைகள் நாலு பேர் மக்தபுக்கு வந்து உட்கார்ந்தால், ஓர் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பல வீடுகளின் போன்களைச் சரிசெய்து கொடுத்துவிடலாம். ஜும்ஆ பயானில் செல்போனைத் திட்டுவதைவிட இது பலன் தரும்.

ஏதாவது நடந்துவிட்டால் பிள்ளையை அடிக்காதீர்கள். அடுத்த முறை சொல்லவே மாட்டான். மானம் போய்விடும் என்று மூடி மறைக்கவும் வேண்டாம். வந்த செய்திகளை அழிக்காமலும் யாருக்கும் அனுப்பாமலும் வைத்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பணம் போயிருந்தால் 1930. சிறுவர் பாலியல் படங்கள் குறித்து, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெயரைச் சொல்லாமலேயே புகார் செய்யலாம்.